தீப்பெட்டி லேபிளையும் யார் பாதுகாப்பது? தன்னார்வலர்களும் சிறு நல்கைகளும்

சிவகாசியில் அச்சான காலண்டர் தொங்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு காலண்டரை அதே சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் தேடிப் பாருங்கள், எளிதில் கிடைக்காது. புத்தாண்டு பிறந்ததும் பழைய காலண்டர் ஆணியிலிருந்து இறங்கிவிடும். சாமி படம் நன்றாக இருந்தால் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும். இல்லையென்றால் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாகும். தீப்பெட்டி லேபிளுக்கும் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் அந்த ஆயுள்கூட இல்லை.

இந்தக் காகிதங்களுக்குப் பின்னால் நம் மாவட்டத்தின் நூறாண்டு வரலாறு இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக லித்தோ அச்சகங்கள் வந்தன. பிறகு அந்த அச்சகங்களே காலண்டருக்கும் திரும்பின. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து, பின்னர் கோவில்பட்டியில் தங்கிவிட்ட ஓவியர் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் இந்த அச்சு வழியாகத்தான் நாடு முழுவதும் போயின. ஓவியங்களைப் பற்றியாவது ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். லேபிள்களை வரைந்தவர், அச்சிட்டவர், பெட்டியில் ஒட்டியவர் பற்றிய தகவல்கள் வயதானவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

அருங்காட்சியகங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு செய்திருக்கிறது. அங்கே கிடைத்த சங்கு வளையலுக்கும் தக்களிக்கும் சுடுமண் உருவத்துக்கும் எண் இட்டு, அளவெடுத்து, படம் பிடித்து வைக்கத் துறை இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமைக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. அறுபது ஆண்டுப் பழமைக்கு இல்லை. அது பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடந்து, வீடு மாற்றும் நாளில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது.

இந்த இடைவெளியில்தான் உலகெங்கும் தன்னார்வலர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கென்றே சிறு நல்கைகளும் உள்ளன. நம் ஆசிரியர்கள் பலருக்கு இவை அறிமுகமில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 'விரைவு நல்கை' என்ற பெயரில் 500 முதல் 5,000 டாலர் வரை வழங்குகிறது. நம் பணத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரம் ரூபாயிலிருந்து நான்கு லட்சம் ரூபாய் வரை. ஓர் அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்துப் பொதுவெளியில் ஏற்றுவது, பழைய நூல்களை வருடி எடுப்பது, பயிற்சிப் பட்டறை நடத்துவது போன்ற வேலைகளுக்குத் தனிநபரும் குழுவும் விண்ணப்பிக்கலாம். இதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. விண்ணப்பம், மதிப்பீட்டாளரின் கேள்விகள், முடிவறிக்கை எல்லாம் யாரும் படிக்கும்படி இணையத்திலேயே இருக்கும். யார் எவ்வளவு கேட்டார்கள், என்ன செய்து முடித்தார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். பணமே கேட்காவிட்டாலும் நான்கைந்து அறிக்கைகளைப் படித்தால் திட்டமிடக் கற்றுக்கொள்ளலாம்.

பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் இதைவிடப் பெரியது. நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, நகல் ஒன்று உள்ளூர் நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை விதிகள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்த உதவியோடு தமிழ்நாட்டுக் கிராமப் பஞ்சாயத்துகளின் தீர்ப்பு ஆவணங்களைத் தேடிப் படியெடுத்தது. 1870 முதல் 1940 வரையிலான அந்தக் காகிதங்கள் அரசு அலுவலகத்தில் இல்லை, குடும்பங்களின் கையில் இருந்தன. தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் எஞ்சியிருந்த படங்களையும் அதே நிறுவனம் இதே திட்டத்தில் மின்வடிவாக்கியது. ஸ்டூடியோ மூடும்போது நெகட்டிவ்கள் குப்பைக்குப் போவதை நாமும் நம் ஊர்க் கடைத்தெருவில் பார்த்தவர்கள்தானே.

ஆனால் பணம் வந்துதான் வேலை தொடங்க வேண்டும் என்பதில்லை. தமிழில் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர்கள் வீட்டில் உட்கார்ந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். இன்று வகுப்பறையில் நாம் தேடி எடுக்கும் பல இலக்கிய நூல்களின் பனுவல் அப்படி வந்ததே. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பை மறவாத ஈழத்து இளைஞர்கள் 2005-இல் தன்னார்வமாகத் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் இப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், துண்டறிக்கை எதையும் அவர்கள் சிறியதென்று ஒதுக்கவில்லை. வேலையைத் தொடங்கியவர்கள் முதலில் வந்தார்கள், அமைப்பும் நிதியும் பின்னால் வந்தன. நல்கை தருபவர்களும் ஏற்கெனவே கொஞ்சம் செய்து காட்டியவரைத்தான் நம்புகிறார்கள்.

பணம் எதற்குத் தேவைப்படுகிறது என்பதில் பொதுவாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. விலை உயர்ந்த கேமராவும் முப்பரிமாண வருடியும் இல்லாமல் தொடங்க முடியாது என்று நினைக்கிறோம். லேபிள், காலண்டர், கடிதம் போன்ற தட்டையான பொருளுக்கு நல்ல கைப்பேசி, அதை அசையாமல் கீழ்நோக்கிப் பிடிக்கும் தாங்கி, இருபுறமும் சாய்வாக ஒளி விழும் இரண்டு விளக்குகள், அளவுகோல் ஒன்று, சாம்பல் நிறத் துணி ஆகியவை போதும். கல்வெட்டாக இருந்தால் விளக்குகூட வேண்டாம். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் அதே கல் மொட்டையாகத் தெரியும்.

செலவும் உழைப்பும் அதிகம் பிடிப்பது விவரக் குறிப்புக்குத்தான். படம் எடுக்க ஒரு நிமிடம் என்றால் அதைப் பற்றி எழுத அரை மணி நேரம் ஆகிறது. இது என்ன, எந்தத் தாளில், என்ன அளவில், எந்த அச்சகத்தில் அச்சானது, யாரிடமிருந்து கிடைத்தது, சொன்னவர் யார், படம் எடுத்த நாள் எது, வெளியிட அனுமதி உண்டா. இவை இல்லாத ஆயிரம் படங்கள் ஒரு வன்தட்டில் கிடந்தால், பத்து ஆண்டுக்குப் பின் திறப்பவருக்கு அவை வெறும் வண்ணப் படங்கள். நல்கை விண்ணப்பங்களில் கருவிக்குப் பெருந்தொகையும் விவரக் குறிப்புக்குச் சுழியமும் ஒதுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கிடைக்கும் தொகையில் பாதியை முதியவர்களைச் சந்திக்கப் போகும் பேருந்துக் கட்டணம், தேநீர், தட்டச்சு, சரிபார்ப்பு ஆகியவற்றுக்கு வைப்பதே சரி என்பது என் கருத்து.

சூலக்கரையில் நான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் சிறிய அளவில் செய்துவருகிறேன். சுற்றிலும் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போகிற குடும்பங்கள். வீட்டில் இருக்கும் பழைய லேபிள், காலண்டர், கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை எதையும் பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்பதுதான் முதல் விதி. பொருள் வீட்டிலேயே இருக்கும், நாங்கள் போய்ப் படம் எடுப்போம். தொலைந்தது, கிழிந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

குறிப்புத்தாளை நிரப்பும்போதுதான் உண்மையான பாடம் நடக்கிறது. ஒரு மாணவியின் அப்பத்தாவிடம் லேபிளைக் காட்டி "இது எந்த ஆபீசு பாட்டி?" என்று கேட்டோம். "ஆபீசு பேரு எதுக்கு? இதை ஒட்டுனவ நான்தான்" என்றார். பள்ளிக்கூடம் போகாமல் எத்தனை வயதில் உட்கார்ந்தார், ஒரு குரோஸ் பெட்டி ஒட்டினால் என்ன கூலி, பசை எப்படிக் காய்ச்சினார்கள் என்றெல்லாம் சொன்னார். கடைசியில், "என் பேரை மட்டும் எழுதாதீங்க சார்" என்றார். எழுதவில்லை. 'லேபிள் ஒட்டிய தொழிலாளி, பெண்' என்று மட்டும் குறித்துக்கொண்டோம். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்ததையும், சிவகாசிச் சிறுவர்களைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் சமூக அறிவியல் வகுப்பில் சொல்லும்போது, பிள்ளைகள் இப்போது அந்தத் தாளைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

தட்டச்சும் திருத்தமும் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் நடக்கின்றன. திருத்தும் முறையை விக்கிமூலத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். அங்கே கணினி படித்துத் தந்த பக்கம் முதலில் சிவப்பாக இருக்கும். ஒருவர் மூலப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சளாகும். வேறொருவர் மறுபடி பார்த்தால்தான் பச்சை. தன் திருத்தத்தைத் தானே பச்சையாக்க முடியாது. எங்கள் குறிப்புத்தாள்களுக்கும் மூன்று வண்ண ஸ்கெட்ச் பேனாக்களே போதுமானதாக இருக்கின்றன. ல, ழ, ள வேறுபாட்டுக்கு நான் கண்ட பயிற்சிகளில் இதுவே மேலானது. தமிழாசிரியர்கள் ஒருமுறை விக்கிமூலத்தின் ஒரு பக்கத்தையாவது பிள்ளைகளோடு சேர்ந்து திருத்திப் பார்க்கலாம்.

சட்டம் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அரசு ஊழியர் வெளிநாட்டு நன்கொடை பெறக் கூடாது. எனவே அரசுப் பள்ளி ஆசிரியர் தம் பெயரில் மேற்சொன்ன நல்கைகளுக்கு விண்ணப்பிக்க எண்ண வேண்டாம். தகுதியுள்ள கல்லூரி, ஆய்வு நிறுவனம் அல்லது பதிவு பெற்ற அமைப்பு பணத்தைக் கையாளட்டும். நாம் அறிவும் ஊர்த் தொடர்பும் தரலாம். உள்ளூரில் நன்கொடை திரட்டுவதென்றாலும் தலைமையாசிரியர் வழியாக முன் அனுமதியும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் வேண்டும்.

காப்புரிமை அடுத்தது. இந்தியாவில் ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் வாழ்நாளும் அதன்பின் அறுபது ஆண்டும் உரிமை உண்டு. ஆகவே கொண்டையராஜு வரைந்தது என்றாலும் அது இன்னும் பொதுச்சொத்து ஆகவில்லை. படியெடுத்துப் பாதுகாப்பது வேறு, இணையத்தில் வெளியிடுவது வேறு. விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றும் படத்தை யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதையும் வீட்டாருக்கு முன்கூட்டியே விளக்க வேண்டும். குடும்பப் போட்டோக்களை நாங்கள் அங்கே ஏற்றுவதில்லை. பிள்ளைகளின் முகமும் பெயரும் எங்கும் வரக் கூடாது.

மண்ணில் கிடைக்கும் பொருள் என்றால் விதி இன்னும் கடுமையானது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஓட்டைப் பார்த்த மாணவன் அதைப் பையில் போட்டுக் கொண்டுவராமல், கிடந்த இடத்திலேயே பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவரப் பழக்குங்கள். இடம் மாறிய ஓடு பாதித் தகவலை இழந்துவிடுகிறது.

எடுத்த படங்களை எங்கே வைப்பது? ஒரே கணினியில் வைத்தால் ஒரு மின்னழுத்த மாற்றத்தில் எல்லாம் போகும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்றாவது வேறு கட்டடத்தில் என்பது ஆவணக்காப்பாளர்களின் வழக்கம். எங்களிடம் ஒரு படி ஆய்வகத்தில், ஒரு படி வன்தட்டில், மற்றொன்று முன்னாள் மாணவர் ஒருவரின் வீட்டில். ஆண்டுக்கு ஒருமுறை மூன்றையும் திறந்து பார்க்க ஒரு நாள் குறித்திருக்கிறோம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அடுத்த வேலை காத்திருக்கிறது. மூடிப்போன அச்சகம் ஒன்றின் பின்புறம் லித்தோ கல் ஒன்று துணி துவைக்கும் கல்லாகக் கிடப்பதாக ஒரு மாணவன் சொல்லியிருக்கிறான். நனைத்தால் மங்கலாக ஏதோ படம் தெரிகிறதாம். அச்சுக் கல்லில் எழுத்து இடவலம் மாறி இருக்கும். எனவே படம் எடுத்துக் கணினியில் திருப்பிப் போட்டால்தான் எந்த லேபிள் என்று படிக்க முடியும். உரிமையாளர் ஒரு சனிக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். ஒரு வாளித் தண்ணீரும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு போகிறோம்.