அரளி தின்னும் ஆசாமி!

தேனாம்பேட்டை ஃப்ளாட் வாசல்களில் நந்தியாவட்டைக்குப் பஞ்சமில்லை. பூ பறிக்கக் கையை நீட்டும்போது இரண்டு நீலக் கண்கள் உங்களையே முறைத்தால், "ஐயோ, பாம்பு!" என்று அலறி வாட்ச்மேனைக் கூப்பிடாதீர்கள். அது பாம்பு இல்லை. அந்தக் கண்ணும் கண் இல்லை, வெறும் பெயின்ட்!

மூன்று அங்குல நீளத்தில் தடித்த பச்சைப் புழு. நிஜத் தலை ரொம்பச் சின்னது. யாராவது சீண்டினால் அதை உள்ளே இழுத்துக்கொண்டு, முதுகில் இருக்கும் பொய்க் கண்களை உப்பிக் காட்டும். காக்கா, குருவியை மிரட்டப் போட்ட வேஷம். மிரள்வது என்னவோ நாம்தான்! வால் பக்கம் ஒரு குட்டிக் கொம்பு வேறு, அது குத்தாது. உடம்பில் முடி இல்லாததால், கம்பளிப்பூச்சி மாதிரி அரிப்பும் கிடையாது.

வளர்ந்தால் இதுதான் அரளி அந்துப்பூச்சி. ஆங்கிலத்தில் 'ஓலியாண்டர் ஹாக் மாத்'. சிறகை விரித்தால் நாலு அங்குலம். பச்சையிலேயே பல தினுசு, நடுநடுவே வெள்ளையும் ரோஸும்... அப்படியே மிலிட்டரி யூனிஃபார்ம்! இருட்டும் நேரத்தில் மல்லிகைப் பந்தல் பக்கம் வந்து, பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். (பேட்டையின் பெயரிலேயே தேன் இருக்கிறதே, பிறகென்ன!) ஆப்பிரிக்கா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா எல்லாம் இதற்குச் சொந்த ஊர். கோடையில் கடல் தாண்டி ஐரோப்பா டூர். சில வருஷம் இங்கிலாந்து வரைகூட. பாஸ்போர்ட், விசா, க்யூ எதுவும் கிடையாது.

புழுவின் மெனு: அரளி, நந்தியாவட்டை, நித்யகல்யாணி. மாடுகூட மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும் என்றுதானே நெடுஞ்சாலை நடுவில் அரளியை நடுகிறார்கள்? மனுஷன் தின்றால் இதயம் தாறுமாறாகத் துடித்து உயிருக்கே ஆபத்து. இந்தப் புழுவோ முறுக்கு மாதிரி கடித்துத் தள்ளுகிறது! எப்படி? 2013-ல் வந்த ஓர் ஆராய்ச்சி விடை சொன்னது. புழுவின் நரம்பைச் சுற்றியுள்ள உறை அந்த விஷத்தை உள்ளே விடுவதில்லை. கேட்டிலேயே செக்யூரிட்டி!

ஆனால் நாம் அடிக்கிற பூச்சிமருந்திடம் இந்த செக்யூரிட்டியின் ஜம்பம் பலிக்காது. புழுவைப் பார்த்ததும் ஸ்ப்ரேயைத் தூக்குகிறோமே, அப்படி என்ன நஷ்டம்? நாலு கிளை மொட்டையாகும். அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். மனசு கேட்கவில்லையா, கிளையோடு ஒடித்து வேறு அரளிச் செடியில் விட்டுவிடுங்கள். (பால் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும்.)

இன்னொரு விஷயம். தின்று முடித்த புழு பழுப்பு நிறமாகி, தரைக்கு இறங்கி, சருகுக்கு அடியில் கூடு கட்டிக்கொள்ளும். நாமோ விடிந்ததும் சருகையெல்லாம் பெருக்கி மூட்டை கட்டி, குப்பை வண்டியில் ஏற்றிவிடுகிறோம். செடியைச் சுற்றி சிமென்ட் பூசிய காம்பவுண்டில் அந்தச் சருகுக்கும் வழியில்லை. ரெண்டு முழம் மண்ணையும் ஒரு கூடைச் சருகையும் விட்டுவைத்த வீடுகளில்தான், சில வாரம் கழித்து ராத்திரி டியூப் லைட் பக்கம் பச்சை யூனிஃபார்ம் ஆஜராகும்.