பயிர்ச் சேதத்தை மதிப்பிடும் முறை

வெள்ளத்தாலோ வரட்சியாலோ காட்டு யானையாலோ பயிர் அழிந்தபின் வயலுக்கு வரும் காப்புறுதி மதிப்பீட்டாளரைக் கமக்காரர் பலர் அச்சத்தோடு அல்லது ஐயத்தோடு எதிர்கொள்வதைக் காண்கின்றோம். அவர் எவற்றைப் பார்க்கின்றார், எக்கணக்கைக் கொண்டு நட்டத்தை எழுதுகின்றார் என்பன விளங்காமையே இதற்குக் காரணம். அவருடைய வேலையின் தன்மையை அறிந்த கமக்காரர் தமக்கு உரியதை எளிதில் இழக்கமாட்டார்.

இலங்கையில் நெற்பயிர்க் காப்புறுதி 1958 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்று, 1961 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கப் பயிர்க் காப்புறுதிச் சட்டத்தால் நிலைபெற்றது. 1973 ஆம் ஆண்டிலும் 1999 ஆம் ஆண்டிலும் வேறு சட்டங்கள் பிறந்தன. எப்பயிருக்கு எவ்வளவு நட்டஈடு என்பது காலத்துக்குக் காலம் மாறுவதால், அதனைப் போகத் தொடக்கத்திலேயே கமநல சேவை நிலையத்தில் கேட்டறிதல் நன்று. வயலில் சேதத்தை அளக்கும் முறையோ பெரிதும் மாறுவதில்லை.

மதிப்பீட்டாளர் முதலிற் பார்ப்பது பயிரை அன்று, நிலத்தையே. உறுதியில் இரண்டு ஏக்கர் என்றிருந்தாலும், வரம்பையும் வாய்க்காலையும் விதையாத மேட்டுத் துண்டையும் நீக்கினால் பயிரிட்ட நிலம் குறைவாகவே இருக்கும். நட்டஈடு பயிரிட்ட நிலத்துக்கே உரியது.

அடுத்து, சேதத்தின் காரணத்தைத் தேடுவார். கபில நிறத் தத்தி தாக்கிய வயலில் எரிந்தது போன்ற வட்டங்கள் தோன்றும். வரட்சியில் மேடான இடங்களே முதலிற் காயும். யானை புகுந்த வயலில் அடிச்சுவடும் இலத்தியும் மிதிபட்ட தடமும் இருக்கும். ஒரு மழை பெய்தால் இவை மறைந்துவிடும். ஆதலால் சேதம் நேர்ந்த அன்றே அறிவித்தல் வேண்டும். முறைத் தண்ணீர் வந்தும் மடையைத் திறவாது விட்ட வயல் காய்ந்தால் அது வரட்சி எனக் கொள்ளப்படமாட்டாது.

மூன்றாவதாகப் பயிரின் பருவம். 2024 நவம்பரில் கிழக்கு மாகாணத்தில் ஏற்பட்ட வெள்ளம் இளம் பயிரை மூடியது. 2011 சனவரி வெள்ளமோ முதிர்ந்த பெரும்போகப் பயிரின்மேல் வந்தது. இரண்டையும் ஒரே அளவாகக் கணித்தல் பிழையாகும். மட்டம் வெடிக்கும் பருவத்தில் சில நாட்கள் நீரில் மூழ்கிய பயிர், நீர் வடிந்தபின் மீண்டும் தழைக்கக்கூடும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் மணி பிடியாது பதராகும். இளம் பயிரை மதிப்பீட்டாளர் ஒருமுறை பார்த்துவிட்டுச் சில நாட்களின் பின் மறுபடியும் பார்க்க விரும்பினால், அதனைக் காலந் தாழ்த்துதல் எனக் கருதலாகாது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். வயலில் நல்ல இடம், நடுத்தர இடம், மோசமான இடம் என எல்லாவற்றிலும் ஒரு சதுர மீற்றர் வீதம் தெரிந்து கதிர்கள் எண்ணப்படும். ஒரு சதுர மீற்றரில் 300 கதிர்களும், கதிர் ஒன்றில் 80 நிறைமணிகளும், ஆயிரம் மணியின் நிறை 24 கிராமும் எனின், விளைவு 576 கிராம். அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 2,330 கிலோகிராம், 111 புசல். வெள்ளத்தின்பின் கதிருக்கு 30 மணிகளே நிறைந்திருந்தால் விளைவு 216 கிராமாகக் குறையும். நட்டம் நூற்றுக்கு 62½ ஆகும். பார்வைக்குப் பச்சையாக நிற்கும் வயலிலும் இத்தகைய நட்டம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், கதிரைக் கையில் எடுத்து மணியை நசுக்கிக் காட்டுதல் கமக்காரரின் கடமை. மோசமான மூலையை மட்டும் காட்டுவது பயன் தராது. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் மறுபுறமும் நடந்து பார்ப்பார். வரம்பில் நின்றபடியே ஒரு வீதத்தை எழுதுபவரிடம், வயலுள் இறங்கி எண்ணும்படி பணிவாகக் கேட்பதற்கு நீங்கள் தயங்கவேண்டியதில்லை.

மிகக் கடினமான நிலை ஒன்றுண்டு. போகத் தொடக்கத்தில் பயிர் அழிந்தால், குறுகிய வயதுடைய நெல்லை மீண்டும் விதைக்கச் சில நாட்களே கிடைக்கும். உழுதால் சான்று அழியும்; காத்திருந்தால் போகம் தவறும். நட்டஈடு எவ்வளவு கிடைப்பினும் ஒரு போகத்து விளைவுக்கு ஈடாகாது என்பதே எமது கருத்து. எனவே உழுவதற்கு முன் எழுத்தில் அறிவித்து அனுமதி கேளுங்கள், கமக்கார அமைப்பின் அலுவலர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள், படம் பிடித்துக்கொள்ளுங்கள், வயலின் நடுவே ஒரு கீற்றை உழாது விட்டுவிடுங்கள்.

மரக்கறிப் பயிரில் மதிப்பீடு சிக்கலானது. மிளகாய் பலமுறை பறிக்கப்படுவதால், சேதத்துக்கு முன் பறித்தது எவ்வளவு, இனிப் பறிக்க இருந்தது எவ்வளவு எனப் பிரித்தறிதல் வேண்டும். விற்பனைத் துண்டுகளை வைத்திருப்பவர் இதனை எளிதில் நிறுவலாம். வெங்காயத்தில் பாத்திகளை எண்ணி, சிலவற்றைக் கிண்டி அழுகிய குமிழ்களை நிறுத்துப் பார்ப்பர்.

மதிப்பீட்டுப் படிவத்தில் கையொப்பமிடுமுன் நிலத்தின் அளவு, காரணம், பருவம், நட்ட வீதம் ஆகிய நான்கையும் வாசித்துப் பாருங்கள். வாசிக்க இயலாதவர் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வாசிப்பித்தல் வேண்டும். உடன்பாடு இல்லையெனில், பயிரை வெட்டுமுன்பே எழுத்தில் ஆட்சேபித்து மறு மதிப்பீடு கேட்கவேண்டும். அருவி வெட்டு முடிந்தபின் எண்ணுவதற்குக் கதிர் இராது.