சமதளத்தில் தெரியாத பிரேக் கோளாறு

கேரித் தீவில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனைதான். தோட்டத்து வீட்டிலிருந்து தெலுக் பங்லிமா காராங் கடைத்தெரு, மிஞ்சிப்போனால் பந்திங் அல்லது கிள்ளான். இப்படி ஓடும் காரில் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டிய வேளை குறைவு. அதனால் கோளாறு இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கெந்திங் மலைக்குப் போய் இறங்கும்போதுதான் அது தலைகாட்டும்.

பெடலை மிதிக்கும் கால் உண்மையில் தள்ளுவது ஒரு திரவத்தை. மூடிய கலத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்டு சொன்னார். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 கிலோ அளவுக்கு மிதித்தால், பெடலின் நெம்புகோல் அதை நான்கு மடங்காக்கி, 80 கிலோவாக மாஸ்டர் பம்புக்குத் தருகிறது. அதன் பிஸ்டன் 3 சதுர சென்டிமீட்டர், முன்சக்கரக் கெலிப்பரின் பிஸ்டன் 20 சதுர சென்டிமீட்டர் என்றால், பிரேக் பேடை நெருக்கும் விசை 530 கிலோவைத் தாண்டிவிடும். இன்ஜினின் வெற்றிடத்தால் இயங்கும் சர்வோ தருகிற உதவி தனி.

திரவம் சுருங்காது என்பதால்தான் இவ்வளவும் நடக்கிறது. காற்று சுருங்கும். குழாயில் ஒரு குமிழி புகுந்தாலும், கால் தருகிற தள்ளலில் ஒரு பகுதி அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும்.

பட்டறையில் இந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். பையன் உள்ளே உட்கார்ந்து மிதிப்பான். பழுதுபார்க்கும் போமன் பின்பக்க இடது சக்கரத்தருகே குனிந்திருப்பார். நம் ஊர்க் கார்களில் மாஸ்டர் பம்பிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பது பெரும்பாலும் அந்தச் சக்கரம்தான். "மிதி, மிதி, புடிச்சிக்கோ... விட்டுடாத தம்பி!" என்று சொல்லிக்கொண்டே சின்ன நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துவார். கண்ணாடி மாதிரித் தெளிந்த குழாய் வழியாகப் பழுப்பு நிறத் திரவமும் குமிழிகளும் போத்தலுக்குள் இறங்கும். நட்டை இறுக்கிய பிறகே பையன் காலை எடுக்கலாம். முன்னதாக எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

அந்தப் பழுப்பு நிறத்தில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமான பிரேக் எண்ணெய்க்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ரப்பர் குழாயின் வழியாகவும் தொட்டியின் மூடி வழியாகவும் அது மெல்ல மெல்ல உள்ளே போகும். புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர அளவு. எடையில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அந்தக் குறைந்தபட்சம் 140 பாகைக்கு இறங்கிவிடும். டாட் 4 எண்ணெய்க்கு இது 230, 155.

சமதளத்தில் 140 பாகையே போதும். மலையில் போதாது. 1,300 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை இன்ஜின் தாங்கிக்கொள்ளும். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் அவ்வளவும் டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் போகும். அங்கிருந்து எண்ணெய்க்கு ஏறும். எண்ணெயிலுள்ள நீர் ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலச் சுருங்கக்கூடியது. முந்தைய வளைவில் கெட்டியாக இருந்த பெடல் அடுத்த வளைவில் தரைவரை போய்விடும். கார் ஆறிய பிறகு பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். "ஒன்னும் இல்லையே அண்ணே!" என்று நம்மை ஏமாற்றும் கோளாறு இது.

2013 ஆகஸ்ட் 21 அன்று கெந்திங் மலைச்சாலையில் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 37 பேர் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கனரக வாகனத்தின் பிரேக் அமைப்பு வேறு என்றாலும், மலை இறக்கத்தில் பிரேக் சந்திக்கும் வெப்பக் கணக்கு ஒன்றுதான்.

பஞ்சு போல அமுங்காமல், கால் வைத்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்லக் கீழே இறங்கினால் அது வேறு கதை. எங்கோ ஒழுகுகிறது, வெளியே ஈரம் தெரியாவிட்டால் மாஸ்டர் பம்பின் உள் ரப்பர் தேய்ந்திருக்கலாம். இரண்டு மூன்று முறை மிதித்த பிறகே பெடல் மேலே வருகிறதா? பின்சக்கர டிரம்மின் லைனிங்கைப் பாருங்கள்.

பெடல் கல்லாக இறுகினால் சந்தேகம் சர்வோவின் மேல் போக வேண்டும். இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடி இன்ஜினை முடுக்குங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே இறங்கினால் சர்வோ நலம். அசையாமல் நின்றால் சர்வோவோ அதற்குப் போகும் வெற்றிடக் குழாயோ பழுது.

பெடல் அதிர்வதற்குப் பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இல்லாததுதான் காரணம். வழுக்கும் சாலையில் திடீரென மிதிக்கும்போது மட்டும் காலடியில் படபடத்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது, காலை எடுக்காதீர்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொட்டியில் எண்ணெய் குறைந்ததும் மேலே ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், எண்ணெய் மட்டமும் இறங்கும். அது ஓர் எச்சரிக்கை. ஊற்றி நிரப்பினால் அந்த எச்சரிக்கை மறைந்துவிடும், அவ்வளவுதான். இன்ஜின் எண்ணெயை ஊற்றுவது அதைவிடக் கொடுமை. உள்ளேயிருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

சொந்தக் காரை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. ஆகவே பொறுப்பு உரிமையாளருடையது. பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால், மலையேறும் முன் மாற்றிவிடுங்கள். பெடல் தரையைத் தொடுகிற காரை, 'மெதுவாகத்தானே போகிறோம்' என்று பட்டறைவரை ஓட்டிப்போகாதீர்கள். இழுவை லாரியைக் கூப்பிடுங்கள்.