வெறும் மண்ணுக்கு ஒரு பச்சைப் போர்வை

மாமரத்தடியில் புல் பிடிக்கவில்லையே என்று அலுத்துக் கொள்கிறீர்களா? வெறுமனே விட்டால் ஐப்பசி மழையில் மேல் மண் கரைந்து சாக்கடைக்குப் போய்விடும்; சிமெண்ட் பூசினாலோ மழை நீர் பூமிக்குள் இறங்காது. தரையில் படரும் செடிதான் நல்லது.

நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்கு வல்லாரை. வெயில் விழும் இடத்துக்குப் பொடுதலை. இரண்டும் கணுவுக்குக் கணு வேர் விடும். வேர்விட்ட துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் நடுங்கள். தரை மூடும் வரை தண்ணீர் விடுவதும் களை எடுப்பதும் அவசியம்.

மஞ்சள் பூவில் மயங்கி வெடேலியாவை மட்டும் வைத்துவிடாதீர்கள்! வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த அது, வேலி தாண்டிப் பரவி மற்றச் செடிகளை அமுக்கிவிடும். வல்லாரையோ மண்ணையும் காக்கும்; சோப்புத் தண்ணீர் பாயாத இடமானால் துவையலுக்கும் ஆகும்!