ஒரு சொட்டில் ஒரே புரதம்

அலர்ஜிக்கான தோல் சோதனை பார்ப்பதற்கு எளிது. முன்கையில் சொட்டுச் சொட்டாகச் சாறுகளை வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் ஊசிமுனையால் மேல்தோலை லேசாகக் குத்துவார்கள். ஒவ்வாத பொருள் பட்ட இடம் கால் மணி நேரத்தில் கொசு கடித்ததுபோல் தடிக்கும். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால்தான் கணக்கு. அலர்ஜியின்போது உடலே சுரக்கும் ஹிஸ்டமினின் சொட்டு மட்டும் எல்லோருக்கும் தடிக்க வேண்டும். தடிக்காவிட்டால், வந்தவர் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாரோ என்று விசாரிப்பார்கள்.

சிக்கல் சொட்டுக்குள் இருக்கிறது. மகரந்தத்தையோ பூஞ்சையையோ ஊறவைத்து எடுக்கும் சாற்றில் பல புரதங்கள் கலந்திருக்கும். அவற்றில் எது தோலைத் தடிக்க வைத்தது என்று தெரியாது. பூஞ்சைச் சாறு இன்னும் மோசம்: வளர்த்த ஊடகம் மாறினாலே வீரியம் மாறிவிடும்.

1980களின் இறுதியில் ஒரு வழி பிறந்தது. வீட்டுத் தூசி உண்ணியின் முக்கிய ஒவ்வாமைப் புரதத்துக்கான மரபணுவை 1988இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும், பிர்ச் மர மகரந்தப் புரதத்துக்கானதை 1989இல் வியன்னாவிலும் பிரித்தெடுத்தார்கள். அத்தகைய மரபணுவை இ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுத்தினால், அது அந்த ஒரு புரதத்தை மட்டும் தயாரித்துத் தரும். அதைச் சுத்திகரித்து, அளந்து, சொட்டாக வைக்கலாம்.

இதன் அருமை சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ரெட்டோ கிராமெரி குழுவினர் செய்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சை ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு வெறும் ஒவ்வாமையோடு நிற்கும். வேறு சிலருக்கோ மூச்சுக்குழாய்க்குள்ளேயே குடியேறி நுரையீரலைக் கெடுக்கும். சாற்றை வைத்தால் இரு சாராருக்கும் தோல் தடிக்கும். பூஞ்சை வெளியே சுரக்கும் 'ஆஸ்ப் எஃப் 1' புரதத்துக்கும் அப்படித்தான். ஆனால் 'ஆஸ்ப் எஃப் 4', 'ஆஸ்ப் எஃப் 6' ஆகியவை பூஞ்சையின் செல்லுக்குள் இருப்பவை. பூஞ்சை நுரையீரலில் வளர்ந்து, சிதைந்தால்தான் உடல் அவற்றைச் சந்திக்கும். அந்தக் குழுவின் ஆய்வில் குடியேற்றம் நிகழ்ந்தவர்களுக்கு மட்டுமே இவை தடித்தன. பிந்தைய ஆய்வுகளில் கோடு இவ்வளவு துல்லியமாக விழவில்லை. ஆனாலும் கையில் எழும் ஒரு தடிப்பு நுரையீரலுக்குள் நடப்பதைச் சொல்ல முடியும் என்பதே பெரிய விஷயம்தான்.

ஆனால் இப்படி பாக்டீரியாவில் தயாரிக்கும் செயற்கைப் புரதம் சரியாக மடிந்திருக்க வேண்டும்; உருக்குலைந்திருந்தால் ஒவ்வாமை எதிர்ப்பொருளான ஐஜிஇ அதைப் பிடிக்காது, சோதனை பொய்யாகிவிடும். அதோடு, தோலில் குத்தும் ஒவ்வொரு புரதத்துக்கும் மருந்துக்குரிய அனுமதி தேவைப்படுகிறது. அதனால் இவை இன்று பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையில்தான் பயன்படுகின்றன. தோல் சோதனையில் பழைய சாறுகளே தொடர்கின்றன.