கதிருக்கு அஞ்சாத கைகள்

இரும்பைக்கு வடகிழக்கே, மரக்காணத்து உப்பளங்களில் உப்பை வாருவதற்கு மரப்பலகைகளைப் பயன்படுத்துவர். உப்புநீர் இரும்பை அரித்துவிடும். மரத்தை அவ்வாறு அரிப்பதில்லை. இடத்தின் இயல்பறிந்து கருவியை அமைத்தல் வேண்டும் என்பது அம்மக்கள் அறிந்த உண்மை. அக்கரை வழியே மேலும் வடக்கே சென்றால் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தை அடையலாம். அங்கும் அவ்வுண்மையே வழிகாட்டுகிறது.

அணு உலையில் பயன்பட்ட எரிபொருளினின்று காமாக் கதிர்கள் வெளிப்படுகின்றன. அவை கண்ணுக்குப் புலப்படா. ஆயினும் காப்பின்றி அருகில் நிற்போரின் உயிரைப் போக்க வல்லவை. ஆதலின் அத்தகைய இடங்களுக்கு எந்திரன்களை அனுப்புகின்றனர்.

எந்திரனுக்குக் குருதியும் தசையும் இல்லையே, அதனைக் கதிர்கள் என்ன செய்யும் எனச் சிலர் கருதலாம். அதன் எஃகு உடல் எளிதில் கெடுவதில்லை. கெடுவது அதன் மூளையே. சிலிக்கான் சில்லுகளிலுள்ள மெல்லிய காப்புப் படலத்தில் மின்னூட்டம் தேங்கிவிடுகிறது. அதனால் மூட வேண்டிய மின்வழி திறந்தே நிற்கும். திறக்க வேண்டியது மூடிக் கிடக்கும். ஒளிப்படக் கருவியின் வில்லை பழுப்பேறும், கம்பிகளின் உறை நொறுங்கும், மசகு இறுகும்.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் செர்நோபிலில் அணு உலை வெடித்தது. கூரைமேல் சிதறிய கதிரியக்கப் பொருள்களை அகற்ற எந்திரன்கள் ஏற்றப்பட்டன. அவற்றுள் சில சிறிது காலம் உழைத்தன. செருமனியிலிருந்து வந்த ‘ஜோக்கர்’ என்னும் எந்திரனோ செயலற்று நின்றது. இறுதியில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் மண்வாரியை ஏந்திக் கூரைமேல் ஏறினர். ஒவ்வொருவரும் ஓரிரு நிமிடங்களே அங்கு நிற்க இயலும். எந்திரன் தோற்ற பணியை மனிதன் தன் உடலை ஈடுவைத்துச் செய்ய நேர்ந்தது.

இவ்விடரைத் தவிர்க்கும் வழிகள் பல. சீரியம் கலந்த கண்ணாடி எளிதில் பழுப்பேறாது. கதிரைத் தாங்கும் சில்லுகளைத் தனியே ஆக்குவர். எல்லாவற்றினும் எளிய வழி, மூளையை வெளியே நிறுத்திக் கையை மட்டும் உள்ளே அனுப்புவதாகும். அமெரிக்க அறிஞர் ரேமண்ட் கோர்ட்ஸ் 1940களின் இறுதியில் அத்தகைய இயந்திரக் கைகளை அமைத்தார். வெளியில் நிற்பவர் கையை அசைத்தால், சுவருக்கு அப்பாலுள்ள இயந்திரக் கையும் அவ்வாறே அசையும். கல்பாக்கத்தில் 1985ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையின் எரிபொருளை, தடித்த சுவர் சூழ்ந்த அறைகளில் இத்தகைய கைகளைக் கொண்டே ஆராய்கின்றனர். உள்ளே நடப்பதைக் காண ஈயக் கண்ணாடிச் சாளரம் உண்டு.

ஒரு கருவி எத்துணை அறிவுடையது என்பதினும், தான் புகும் இடத்தில் எத்துணைக் காலம் தாங்கும் என்பதே இங்கு முதன்மையானது. அது தாங்கும் ஒவ்வொரு நாழிகையும் ஒரு மனிதனை அவ்விடத்திற்குச் செல்லாமல் காக்கும் நாழிகையன்றோ!