நகரசபை மண்டபத்தில் ஒரு சின்னக் கலியாணம்

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் ஒரே பழமொழியில் சேர்த்ததற்குக் காரணம், இரண்டிலும் செலவு போட்ட கணக்குக்குள் நிற்பதில்லை என்பதுதான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தில் இந்தத் தொல்லையில் பாதியைக் குறைத்திருக்கிறார்கள். வீட்டை ஊராரே கட்டி வைத்திருக்கிறார்கள். வேண்டியவர்கள் வந்து கலியாணத்தை மட்டும் பண்ணிக் கொள்ள வேண்டியதுதான்!

அந்த வீடு நகரசபை மண்டபம். 1906-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் பழைய மண்டபம் இடிந்து விழுந்தது. ஆர்தர் பிரவுன் என்னும் சிற்பி வகுத்த திட்டப்படி புதிய மண்டபம் 1915-இல் எழுந்தது. அதன் கும்மட்டம் 307 அடி உயரம். வாஷிங்டனில் உள்ள காப்பிடல் மாளிகையின் கும்மட்டத்தைக் காட்டிலும் உயரமானது. 1989-இல் மறுபடியும் பூமி அதிர்ந்து கட்டடம் சேதமடைந்தது. அதைச் செப்பனிட்டவர்கள், அஸ்திவாரத்தின் கீழே 500-க்கு மேற்பட்ட அதிர்ச்சி தாங்கிகளை வைத்து, 1999-இல் மீண்டும் திறந்தார்கள். இனிப் பூமி குலுங்கினாலும், கட்டடம் முறிந்து விடாமல் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். புதுத் தம்பதிகளுக்கு இதைவிட நல்ல உபதேசம் எந்தப் புரோகிதரும் சொல்ல முடியாது.

நமது நேயர்களில் சிலருடைய பிள்ளைகளும் பெண்களும் இன்று அந்தப் பிரதேசத்தில் உத்தியோகம் பார்க்கிறார்கள். ஆகையால் அங்கே கலியாணம் நடக்கும் முறையைச் சற்று விவரமாகவே சொல்வோம்.

காரியம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலாவது, விவாக அநுமதிப் பத்திரம். மணமக்கள் இருவரும் தங்கள் அடையாளச் சான்றுடன் நேரில் வந்து பெற வேண்டும். அது 90 நாளைக்குச் செல்லும். நம் நாட்டில் 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்தின்படி, முப்பது நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் அந்தக் காத்திருப்பு இல்லை. இரண்டாவது, கலியாணச் சடங்கு. இதற்குத் தனியாக நேரம் பதிவு செய்து கொள்ள வேண்டும். பத்திரம் கையில் இருப்பதாலேயே கலியாணம் ஆகிவிடாது. நேரம் பதிவு செய்திருப்பதாலேயே பத்திரம் வந்துவிடாது. இரண்டில் ஒன்றை மறந்தவர்கள் பட்டுப் புடவையுடன் வீடு திரும்ப நேரிடும்.

சடங்கு வேலை நாட்களில் மட்டுமே நடைபெறும். கும்மட்டத்தின் கீழே, பெரிய பளிங்குப் படிக்கட்டின் உச்சியில் மணமக்கள் நிற்கிறார்கள். சர்க்கார் தரப்பில் ஒருவர் எதிரே நின்று கேள்வி கேட்கிறார். இருவரும் சம்மதம் சொல்கிறார்கள். மோதிரம் மாற்றிக் கொள்ளலாம், மாற்றாவிட்டாலும் பாதகமில்லை. சாதாரண அநுமதிப் பத்திரமானால் ஒரு சாட்சி அவசியம். எல்லாம் சில நிமிஷங்களில் முடிந்து விடுகிறது. நம் ஊரில் அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகை கூடக் கட்டி முடியாது!

விருந்தாளிகள் எத்தனை பேர் என்று கேட்கிறீர்களா? ஆறு பேர். குழந்தைகளும் போட்டோ பிடிப்பவரும் அந்த ஆறு பேரில் அடக்கம். கலியாண ஏற்பாட்டில் மிகக் கடினமான வேலை இந்த ஆறு பெயரை எழுதுவதுதான் என்பது நம் அபிப்பிராயம். முந்நூறு பேரை அழைக்கும்போது யாரும் யோசிப்பதில்லை. விட்டுப் போனவர்களைப் பற்றி மட்டுமே யோசிக்கிறோம். ஆறு பேரை அழைக்கும்போது, 'நம் வாழ்க்கையில் இவர் யார்?' என்ற கேள்விக்கு ஒவ்வொரு பெயரிலும் பதில் சொல்லியாக வேண்டும். கூடுதலாகச் சுற்றத்தார் வருவதானால், மண்டபத்தின் மாடியில் ஓர் இடத்தை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துக் கொள்ளலாம். அப்போது மணம் செய்து வைப்பவரை நாமே அழைத்து வர வேண்டும்.

இனிப் போட்டோ விஷயம். ஊரில் இருக்கும் தாய் தந்தையரும் பாட்டியும் அந்தக் கலியாணத்துக்குப் போக முடியாமல் போகலாம். அவர்களுக்குப் படம்தான் கலியாணம். ஆகவே இது வீண் ஆடம்பரமல்ல.

அந்த மண்டபத்தில் படம் பிடிப்பது லேசான காரியமென்று நினைக்க வேண்டாம். கூரை எட்டாத உயரத்தில் இருப்பதால், மின்னல் விளக்கை மேலே திருப்பி அடித்தால் ஒளி திரும்பி வராது. ஜன்னல் வெளிச்சம் நீலம். விளக்கு வெளிச்சம் மஞ்சள். இரண்டும் கலந்த இடத்தில் நின்றால் மணப்பெண்ணின் ஒரு கன்னம் ஒரு நிறமும் மறு கன்னம் வேறு நிறமுமாக விழும். நான்காவது மாடியில் உள்ள பெரிய ஜன்னல்களின் அருகே பக்கவாட்டில் விழும் ஒளி மிகவும் மென்மையானது. முகங்களை அங்கே எடுப்பது நலம். படிக்கட்டில் எடுக்கும்போது கட்டடம் பெரிதாகவும் மனிதர் சிறிதாகவும் விழுவது இயல்பு. அப்படி ஒன்று போதும். பாட்டிக்குக் கும்மட்டம் வேண்டாம், பேத்தியின் சிரிப்புத்தான் வேண்டும்.

சம்மதம் சொல்லும் சமயத்தில் படம் பிடிப்பவர் பக்கவாட்டில் நின்றால் இருவர் முகமும் தெரியும். முதியவர்கள் வந்திருந்தால் குடும்பப் படத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். அவர்கள் களைத்த பிறகு எடுத்தால் களைப்புத்தான் படத்தில் விழும். காலை வேளையில் கூட்டம் குறைவு. மண்டபம் ஒரு கச்சேரி என்பதையும் மறக்கக் கூடாது. வரி கட்ட வந்தவரும் மனுக் கொடுக்க வந்தவரும் படத்தின் பின்னால் நடந்து போவார்கள். போகட்டும், ஊரார் நடமாடும் இடத்தில் மணந்து கொண்டோம் என்பதற்கு அவர்களே அத்தாட்சி.

படம் அதிகமானால் கலியாணம் பலப்படும் என்று எண்ணுவதற்கும் இல்லை. சினிமா நட்சத்திரம் மர்லின் மன்றோவும் பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவும் 1954 ஜனவரி 14-ஆம் தேதி இதே மண்டபத்தில் மணந்தார்கள். பத்திரிகைப் படக்காரர்கள் கும்பலாகத் திரண்டு வந்து விட்டார்கள். உலகமெல்லாம் அந்தப் படங்களைப் பார்த்தது. அதே வருஷம் அக்டோபரில் விவாகரத்துக்குத் தீர்ப்பாயிற்று.

இதற்கு நேர் மாறான கதையும் அந்த மண்டபத்தில் உண்டு. டெல் மார்டின், பில்லிஸ் லையன் என்ற இரு மாதர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் தம்பதிகளாக வாழ்ந்தவர்கள். ஒரே பாலினத்தவர் மணந்து கொள்ளலாம் என்று நகரத் தலைவர் அநுமதித்தபோது, 2004 பிப்ரவரி 12-ஆம் தேதி அவர்களுக்குத்தான் முதல் கலியாணம் நடந்தது. அடுத்த சில வாரங்களில் சுமார் நாலாயிரம் ஜோடிகள் மணந்தன. ஆகஸ்டு மாதம் மாகாண உச்ச நீதிமன்றம் அத்தனை விவாகங்களும் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சான்றிதழ்கள் வெறும் காகிதமாயின. வயது முதிர்ந்த அவ்விருவரும் கட்டிக் கொண்டு நின்ற படம் மட்டும் செல்லாததாகவில்லை. 2008 ஜூன் 16-ஆம் தேதி, சட்டம் இடம் கொடுத்த பின், அதே மண்டபத்தில் அவர்கள் மீண்டும் மணந்தார்கள். அந்த ஆகஸ்டு மாதமே டெல் மார்டின் காலமானார். சட்டம் அங்கீகரித்த இல்வாழ்க்கை அவர்களுக்கு இரண்டே மாதம்தான் கிடைத்தது. ஐந்து நிமிஷச் சடங்குதானே என்று அலட்சியமாகச் சொல்பவர்கள், அந்த ஐந்து நிமிஷத்துக்காக அரை நூற்றாண்டு காத்திருந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக இரண்டு வார்த்தை. கையெழுத்தான பத்திரம் பதிவாகிவிட்டதா என்று விசாரித்து, அத்தாட்சி பெற்ற நகலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டு அதிகாரி கேட்பது அதைத்தான், படத்தையல்ல. படங்களில் ஒன்றையாவது காகிதத்தில் அச்சிட்டு, பின்புறம் தேதியையும் சாட்சியின் பெயரையும் மையினால் எழுதி ஊருக்கு அனுப்புங்கள். கைப்பேசியில் வந்த படத்தைப் பாட்டி ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து விடுவாள். காகிதத்தில் வந்த படத்தையோ சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பாள். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாள். ஆறு பேர் பார்த்த கலியாணத்தை அறுநூறு பேர் பார்த்ததாகிவிடும்.